கம்பிக்குக் கீழே யார்? ஒரு துண்டறிக்கையை முன்வைத்து

நாவலுக்கும் கவிதைத் தொகுப்புக்கும் விமர்சனம் எழுதுகிற பக்கத்தில் ஒரு துண்டறிக்கையை எடுத்து வைத்துப் பேசப்போகிறேன். ரோஸ் கலர் தாள், ஒரு பக்க அச்சு, திண்டுக்கல்லில் ஒரு சின்ன அச்சகத்தில் ஆயிரம் பிரதி போட்டது. உயர்மின் கோபுரம் எங்கள் பக்கம் வரப்போகிறது, தடுத்து நிறுத்த மறியல், அனைவரும் வாரீர் என்று முடிகிற வழக்கமான தாள்தான். வேடசந்தூருக்குக் கிழக்கே நாலைந்து ஊரில் கொடுத்தார்கள். அதில் பாதி டீக்கடையில் வடை எண்ணெய் ஒற்றப் போயிருக்கும். இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. சங்கச் செயலாளர் விஷயத்தைச் சொன்னார், தாளில் இருக்கிற வாக்கியம் அத்தனையும் என்னுடையது. ஊருக்குள் 'எழுதத் தெரிஞ்ச பையன்' நான் ஒருத்தன்தான் என்பதால் காலனி வாசல்வரை பைக்கில் வந்து கூப்பிட்டார்கள். அந்தப் பெருமையில் எழுதினேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எங்கம்மாவுக்கு எழுத்து தெரியாது. அக்கா மகள் சத்தமாக வாசிக்க, கீற்று முடைந்துகொண்டே கேட்டது. கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னது: "நல்லாத்தாண்டா எழுதியிருக்க. இதுல நாம எங்கடா இருக்கோம்?"

"பொதுமக்கள்னு போட்டிருக்கேன்ல."

"அது மறியலுக்கு வாங்கன்னு கூப்புடுற எடத்துல. நட்டம்னு எழுதியிருக்க பாரு, அந்த எடத்துல நாம இல்லையே."

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் தாளைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பல்கலைக்கழகத்துத் தோழர்கள் 'கட்டுடைப்பு' என்பார்கள். எங்கம்மா கீற்றை உடைக்காமலே செய்துவிட்டது.

தாளில் 'விவசாயிகள்' என்ற சொல் ஒன்பது தடவை வருகிறது. 'தாய்மண்' நான்கு தடவை. 'நம் முன்னோர் ரத்தம் சிந்தி வளர்த்த தோப்புகள்' என்று ஒரு வரி. யாருடைய முன்னோர்? அந்தத் தென்னந்தோப்புகளுக்குக் குழி வெட்டியது எங்கள் தாத்தா காலத்து ஆட்கள், தண்ணீர் இறைத்தது அவர்கள், பாம்பு கடித்துச் செத்ததும் அவர்களில் இரண்டு பேர். அது 'நம் முன்னோர்' கணக்கில் சேருமா? எழுதும்போது எனக்கு இது உறுத்தவில்லை. விவசாயி என்று எழுதியவுடனே என் கண்ணில் வந்து நின்றது வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பம்புசெட் ரூம் வாசல். என் அம்மா அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை. நாற்பது வருஷம் மண்ணில் வேலை செய்த பொம்பளை விவசாயி இல்லை, மண்ணுக்குப் பட்டா வைத்திருக்கிறவர் மட்டும் விவசாயி என்று என் தலைக்குள்ளேயே யாரோ அகராதி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி மின்பாதை வேலை செய்கிற விதத்தைப் பார்ப்போம். முதலில் சர்வேக்காரர்கள் வருவார்கள், சிவப்புப் பெயிண்ட் அடித்த கல் நடுவார்கள். அப்புறம் கோபுரத்துக்கு நாலு கால் குழி. கோபுரத்துக்குக் கோபுரம் கம்பி இழுத்த பிறகு, கம்பிக்கு இரண்டு பக்கமும் குறிப்பிட்ட அகலத்துக்குப் பாதை உரிமை என்று ஒதுக்குவார்கள். 400 கிலோவோல்ட் பாதைக்கு 46 மீட்டர். 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுப் பாதைக்கு 67 மீட்டர். 67 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் பதினாறரை ஏக்கர். அதற்குள் உயரமான மரம் நிற்கக்கூடாது, வீடு கட்டக்கூடாது. கடலை போடலாம், சோளம் போடலாம், தென்னை கூடாது.

"தென்னை போனா என்ன, கடலை போட்டுக்கங்க" என்று அதிகாரிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கடலைக்கு வேலை வருஷத்தில் சில வாரம்தான். களை எடுக்க ஒரு வாரம், பிடுங்க ஒரு வாரம், ஆய ஒரு வாரம். தென்னைக்கு அப்படி இல்லை. நாற்பத்தைந்து நாள், இரண்டு மாசத்துக்கு ஒரு வெட்டு. மரம் ஏறுகிறவர், காய் பொறுக்குகிற பெண்கள், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிறவர், ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டுகிறவர் என்று ஒரு தோப்பை நம்பி ஒரு தெருவே இருக்கிறது. மரத்துக்கு இழப்பீடு உண்டு, எண்ணி வாங்கலாம். அது மரத்தின் சொந்தக்காரர் வங்கிக் கணக்குக்குப் போகும். மரத்தில் ஏறியவருக்கு? ஏறுவதற்கு மரம் இருக்காது, அவ்வளவுதான். ஒரே கோடாலியில் இரண்டு பேருக்கு நட்டம். ஒருவர் நட்டத்துக்கு ரசீது இருக்கிறது, இன்னொருவர் நட்டத்துக்குப் பெயர்கூட இல்லை.

வீடும் அப்படித்தான். பத்து ஏக்கர்காரர் பாதைக்குள் வீடு கட்ட முடியாவிட்டால் கொஞ்சம் தள்ளிக் கட்டுவார். எங்கள் காலனியில் ஆளுக்கு மூன்று சென்ட். அரசு கொடுத்த தொகுப்பு வீடு, ஒழுகுகிற தளம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்பதுதான் எல்லோருடைய கனவும். கம்பி பக்கத்தில் வந்தால் அந்த ரூம் கிடையாது. தள்ளிக் கட்ட இடம் ஏது? மின்பாதை நேர்கோட்டில் போகும் என்று பள்ளிக்கூடத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அந்தச் சிவப்புக் கல் இரண்டு தடவை இடம் மாறியது. மாறின இரண்டு தடவையும் காலனிப் பக்கமாகத்தான் வந்தது. யார் எந்த அலுவலகத்துக்குப் போனார்கள் என்பதற்கு என்னிடம் சான்று கிடையாது. நாங்கள் யாரும் போகவில்லை என்பதற்கு மட்டும் சான்று சொல்வேன்.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம் கிடைத்தது. மின்கோபுரத்துக்கு நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை. நிலம் உன்னுடையது, பயன்படுத்தும் உரிமை எங்களுடையது என்கிறார்கள். இதற்கு ஆதாரம் 1885ஆம் வருஷத்து இந்தியத் தந்திச் சட்டம். தந்திக் கம்பி இழுக்க வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்ட அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவின் வழியாக மின்பாதைக்கும் கொடுத்தார்கள். தந்தி 2013இல் நின்றுபோனது. 2023இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் பழைய சட்டத்தை நீக்குவதற்கு வழி செய்தது. ஆனால் மின்பாதைக்காக அதன் மூன்றாம் பகுதியை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டார்கள். செத்த மாட்டின் தோலை மட்டும் உரித்து வைப்பதுபோல. இந்த உவமை எங்கள் ஆட்களுக்குப் புரியும், திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்கள் எங்களில் நிறைய.

அந்த 1885 சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்வது என்ன? முடிந்த அளவு சேதம் குறைவாகச் செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்குச் சம்பந்தப்பட்ட எல்லா நபர்களுக்கும் முழு இழப்பீடு தர வேண்டும். சொந்தக்காரருக்கு என்று சட்டம் சொல்லவில்லை. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் என்கிறது. இழப்பீட்டுக்கு உரியவர் யார், யாருக்கு எத்தனை பங்கு என்று தகராறு வந்தால் மாவட்ட நீதிபதி தீர்மானிக்க வேண்டும் என்று பதினாறாம் பிரிவில் இருக்கிறது. நீதிமன்றம் இதற்குள் கூலிக்காரரைச் சேர்க்குமா என்பது வாதாடிப் பார்க்க வேண்டிய விஷயம். வாரத்துக்கு உழுகிறவர் கேட்கலாம், குத்தகைக்காரர் கேட்கலாம். ஆனால் நான் எழுதிய துண்டறிக்கையைவிட ஒரு காலனியாதிக்கச் சட்டத்தின் வாக்கியம் அகலமாக இருக்கிறது என்றால் தப்பு யார்மேல்?

அந்த அகலத்தைச் சுருக்கியது அதற்குப் பிறகு வந்த வழிகாட்டுதல்கள். 2015 அக்டோபரில் மத்திய மின்துறை, கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அதைத் திருத்தி, கோபுர இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், பாதைக்குக் கிராமப்புறத்தில் 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். இந்த உயர்வு சும்மா வரவில்லை. பல மாநிலங்களில் விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததால் வந்தது. அதை மதிக்கிறேன். ஆனால் எல்லா சதவீதமும் நில மதிப்பில்தான் கணக்கு. நிலம் இல்லாதவருக்கு 200 சதவீதம் என்றால் எவ்வளவு? பூஜ்யத்தை இருநூறால் பெருக்கினாலும் பூஜ்யம். சட்டம், வழிகாட்டுதல், அதை எதிர்க்கிற துண்டறிக்கை மூன்றும் ஒரே பாஷை பேசுகின்றன. அந்த பாஷைக்குப் பெயர் பட்டா.

கடன் கொடுக்கிறவன் காகிதத்தைப் பாருங்கள். விருதுநகரிலிருந்து கோவைக்கு 765 கிலோவோல்ட் பாதை போடும் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2019இல் 451 மில்லியன் டாலர் கடன் ஒப்புக்கொண்டது. தெற்கே காற்றாலையிலும் சூரிய மின்நிலையத்திலும் உண்டாகும் மின்சாரத்தை வடக்கே கொண்டுபோகிற ஏற்பாடு. அந்த வங்கியின் 2009ஆம் வருஷத்துப் பாதுகாப்புக் கொள்கையில், நிலத்துக்குச் சட்டபூர்வ உரிமை இல்லாதவர்களும் நிலம் தவிர்த்த இழப்புகளுக்கு ஈடு பெறலாம் என்று இருக்கிறது. நாம் வட்டி கட்டப்போகிற வங்கி, பட்டா இல்லாதவன் என்று ஒருத்தன் உலகத்தில் இருப்பதை ஒப்புக்கொள்கிறது. வங்கியைப் பாராட்ட இதைச் சொல்லவில்லை, அந்தக் கொள்கை எத்தனை இடத்தில் காகிதமாகவே கிடக்கிறது என்பது தெரிந்த கதைதான். நான் போன எந்தப் போராட்டக் கூட்டத்திலும் அந்த வரியை யாரும் வாசிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தால் சங்கத்துப் பெரியவர்கள் உடனே தியாகத்தைப் பேசுவார்கள். அந்தத் தியாகம் உண்மை. நாராயணசாமி நாயுடு தலைமையில் 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்து ஆரம்பித்த போராட்டம், 1972இல் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையை நிறுத்தியது. துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்களுக்காக ஜூலை 5ஆம் தேதியை இன்றும் நினைவு நாளாக வைத்திருக்கிறார்கள். 1978 ஏப்ரலில் எங்கள் வேடசந்தூரிலேயே சுட்டார்கள், விவசாயிகள் செத்தார்கள். எங்கப்பா அன்றைக்கு அங்கே இருந்தார். பண்ணையக்காரர் வண்டியை ஓட்டிப்போனது அவர். குண்டு சத்தம் கேட்டு மாடு மிரண்டு ஓடியதை எனக்குச் சின்ன வயதில் பல தடவை சொல்லியிருக்கிறார். தியாகிகள் கூட்டத்தில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவரும் போனதில்லை.

அந்தப் போராட்டத்தின் பலன் என்ன? 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். எங்கள் தெருவுக்கு வந்தது குடிசை இணைப்பு. ஒரு வீட்டுக்கு ஒரு பல்பு. இரண்டாவது பல்பு போட்டால் லைன்மேன் வந்து திட்டுவார். இலவச மின்சாரத்தில் போர்வெல் ஐநூறு அடி, எண்ணூறு அடி என்று இறங்க இறங்க, முப்பது அடியில் இருந்த காலனிக் கிணறு வற்றியது. அப்புறம் குடிதண்ணீருக்கும் அதே பம்புசெட் வாசலில் குடத்தோடு நின்றோம். இலவச மின்சாரமே தப்பு என்று நகரத்துப் பொருளாதார நிபுணர்கள் எழுதுவதை நான் எழுதமாட்டேன். அவர்கள் கேள்வி வேறு, என் கேள்வி வேறு. ரத்தம் சிந்தி வாங்கிய மின்சாரம் எந்தத் தெருவரை வந்து நின்றது என்பதுதான் என் கேள்வி.

இன்னொரு பக்கம் இருந்து ஒரு தோழர் கேட்டார்: "அப்ப நீங்க கோபுரத்துக்கு ஆதரவா?" இந்தக் கேள்வி தலித் பக்கம் இருந்து எழுதுகிறவனைப் பார்த்து மட்டும் சீக்கிரமாக வருகிறது. பதில் சொல்கிறேன். பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் அவர் பொறுப்பில் வந்தது. 1943இல் மின்சக்திக் கொள்கைக் குழுவில் அவர் பேசியது, மலிவான, தாராளமான மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமையிலிருந்து மீட்சி இல்லை என்கிற கருத்தில். கிராமத்தைச் சொர்க்கமாகப் பார்க்கிறவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் எப்படிக் கிழித்தார் என்பது இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே 'மின்சாரம் வேண்டாம், தாய்மண் போதும்' என்று நான் எழுதியது அம்பேத்கரை வாசித்தவன் எழுதியது இல்லை. மின்சாரம் வேண்டும். கம்பி போகத்தான் வேண்டும். யார் தலைக்கு மேலே, யாரைக் கேட்டு, யாருக்கு என்ன கொடுத்துவிட்டு என்பதுதான் பேச்சு.

2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் நடந்த போராட்டத்தை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூருக்கு 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்டப் பாதை. புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் பாதை. பல சங்கங்கள் கூடி உண்ணாவிரதம் இருந்தார்கள், காத்திருப்புப் போராட்டம் நடத்தினார்கள். உயர்மின் கம்பிக்குக் கீழே டியூப் லைட்டைக் கையில் பிடித்து அது தானாக எரிவதை ஊருக்குக் காட்டினார்கள். நல்ல போராட்ட உத்தி அது, ஒரு மேடைப் பேச்சு செய்யாததை ஒரு டியூப் லைட் செய்தது. (மாறுமின்னோட்டக் கம்பிக்குக் கீழேதான் அப்படி எரியும், நேர்மின்னோட்டத்துக்குக் கீழே எரியாது. இன்ஜினியர்கள் அதை டி.சி. என்பார்கள். எங்களுக்கு டி.சி. என்றால் வேறு, அதற்கு வருகிறேன்.) திருச்சூர் பாதையில் கேரளத்துக்குள் ஒரு பகுதியைச் சாலையோரமாகப் பூமிக்கு அடியில் கேபிளாகக் கொண்டுபோனார்கள். அங்கே முடியும்போது இங்கே ஏன் முடியாது என்று நம் விவசாயிகள் கேட்டது நியாயமான கேள்வி. 320 கிலோவோல்ட் கேபிளும் 800 கிலோவோல்ட் பாதையும் ஒன்றில்லை என்பதால் எல்லாப் பாதைக்கும் அதே பதில் பொருந்தாது, ஆனாலும் நியாயமான கேள்வி. 2021இல் புகளூர்–திருச்சூர் பாதையைப் பிரதமர் திறந்துவைத்தார். அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் பூமிக்கு அடியில் கேபிள் இருந்தது, நில மதிப்புக்கு ஏற்ற இழப்பீடு இருந்தது. தோப்பில் வேலை பார்த்தவர் கூலி இழப்புக்கு என்ன என்று ஒரு கோரிக்கை என் காதில் விழவில்லை.

இலக்கிய இதழ் என்பதால் இதையும் சொல்கிறேன். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' 1991இல் வந்தது. நிலத்தைக் குடியிருப்புக் காலனிக்குப் பறிகொடுத்த குடும்பம் சிதைகிற கதை. வாசித்து நெஞ்சு கனத்தது உண்மை. ஆனால் பறிபோன நிலத்தில் பண்ணையம் பார்த்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று அந்த நாவலிடம் எனக்கு ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. அதே ஆசிரியர் 2000இல் 'கூளமாதாரி' எழுதினார், கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கிற அருந்ததியர் சிறுவர்கள் கதை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால்தான் ஒரு காடு முழுசாகத் தெரிகிறது. எழுதியவர் எங்களில் ஒருத்தர் இல்லை என்ற விவாதம் தனி. ஒரு நாவலாசிரியர் ஒன்பது வருஷத்தில் வரப்பைத் தாண்டி வந்து பார்க்கும்போது, காலனிக்காரனான நான் ஒரு பக்கத் துண்டறிக்கையில் அந்த வரப்பைத் தாண்டவில்லை. இது என்ன கூத்து?

அம்மா கேட்ட அந்த வாரமே செயலாளரைப் பார்க்கப் போனேன். அடுத்த தாளில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்றேன். தோப்புத் தொழிலாளிக்கு இத்தனை வருஷக் கூலி ஈடு, காலனி வீடுகளுக்கு மேலே பாதை கூடாது, குத்தகைக்காரர் பெயரும் பட்டியலில் வேண்டும். அவர் நல்ல மனுஷர், முகம் கோணவில்லை. "தம்பி, மொதல்ல கோபுரத்த நிறுத்துவோம். உள்ளூர்ப் பிரச்சனைய அப்பறம் பேசிக்கலாம்" என்றார். 'உள்ளூர்ப் பிரச்சனை' என்றால் சாதி என்று அர்த்தம், எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. டீ வந்தது, பேப்பர் கப்பில். எல்லோருக்கும் பேப்பர் கப்தான். இரட்டைக் குவளையை ஒழித்தது பெரியாரா அம்பேத்கரா என்று விவாதிக்கிறோம், எங்கள் ஊரில் ஒழித்தது பேப்பர் கப். யாரும் மனசை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

கூட்டத்தில் இந்தப் பத்தியை வாசித்தபோது ஒரு பெரியவர் கேட்டார், "கூலிக்கெல்லாம் கணக்கு கேட்டா கவர்மெண்டு எங்க போகும்?" கவர்மெண்டுக்காக அவர் கவலைப்பட்டதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

இதற்கு நடுவில்தான் அந்த டி.சி. விஷயம் வெளியே வந்தது. சிவப்புக் கல் நட்ட இடங்களில் ஒன்று, காலனிக்குத் தெற்கே இருக்கிற மூன்றரை ஏக்கர். ஊர்க்காரர் ஒருவர் அனுபவத்தில் முருங்கை போட்டிருக்கிறார். அது எங்கள் தெருவுக்கு ஒதுக்கின டி.சி. நிலம் என்று கிழவிகள் சொல்லுவார்கள், நாங்கள் பழங்கதை என்று விட்டுவிடுவோம். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு ஒதுக்கின பஞ்சமி நிலம், இத்தனை வருஷம் விற்கக்கூடாது, அப்புறமும் வேறு சாதிக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. அதை மீட்கப்போய்த்தான் 1994 அக்டோபர் 10ஆம் தேதி காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அந்த நிலம் எங்கள் ஊரில் முருங்கைக் காடாக இருக்கிறது என்றால்? கோபுர இழப்பீட்டுக்குப் பட்டியல் எடுத்தபோது பட்டா யார் பெயரில் என்று பார்க்க வேண்டி வந்தது. நாங்கள் மூன்று பேர் தாலுகா அலுவலகத்தில் 'அ' பதிவேட்டு நகலுக்கு மனு போட்டோம். அதற்குப் பிறகு ஊர்க் கூட்டத்துக்கு எங்களுக்குத் தகவல் வரவில்லை. மறியல் தேதியும் தள்ளிப்போனது. தாய்மண் என்று நான்கு தடவை எழுதியிருந்தேனே, அந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள் யார் யார் என்று பதிவேட்டில் பார்க்கலாம் என்றதும் ஏன் இந்த அமைதி?

எங்கள் தெருவிலும் எல்லோரும் ஒரே மனசாக இல்லை. "அவங்க தோப்புலதான் நாளைக்கும் வேலைக்குப் போகணும், எதுக்கு வம்பு" என்று பாதிப் பேர். அது பயம் மட்டும் இல்லை, கணக்கும் கூட. ஆனால் இப்போது எங்கள் பெண் பிள்ளைகள் தோப்பை மட்டும் நம்பி இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளுக்கும் ஆயத்த ஆடை ஆலைகளுக்கும் போகிறார்கள். 2021 ஜனவரியில் இந்தப் பக்கத்து ஆடை ஆலையில் வேலை பார்த்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டபோது, மேற்பார்வையாளர் கைதானார். அதற்குப் பிறகு தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்கிற, தலித் பெண்கள் முன்னால் நிற்கிற சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' போட வைத்தது. ஆலை நிர்வாகமும் எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். என்ற வெளிநாட்டு நிறுவனங்களும் கையெழுத்திட்டன. நம்ம ஊர்ப் பெயரில் ஒரு ஒப்பந்தம் உலகத்தில் பேசப்படுகிறது, நம்ம ஊர்ச் சங்கத்துக்காரர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த ஒப்பந்தத்தில் பாதிக்கப்பட்டவர் யார் என்று முடிவு செய்தது பட்டா இல்லை. மெஷினில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் என்பதே போதுமாக இருந்தது. கொடுமையைச் சந்திக்கிறவர் முதலில் பேச ஆரம்பித்தார், கோரிக்கை அவர் வாயிலிருந்து வந்தது. எங்கள் துண்டறிக்கை பட்டாதாரர் சொல்லி, காலனிக்காரன் எழுதி, பொதுமக்கள் கூட்டம் சேர்க்க அச்சடித்தது.

அக்கா மகள் அந்த ஆலைகளில் ஒன்றுக்குத்தான் போகிறாள். பெயர்ப் பட்டியல் எடுக்கலாம் என்று சொன்னது அவள்தான். எந்தத் தோப்பில் எத்தனை மரம், யார் ஏறுகிறார்கள், யார் முடைகிறார்கள், வெட்டுக்கு எவ்வளவு கூலி, எத்தனை வருஷமாக. நோட்டு போட்டு எழுதினோம். எங்கம்மா தோப்புக்குத் தோப்பு மரக் கணக்கைச் சொல்லச் சொல்ல, அது சொந்தக்காரர்கள் கொடுத்த கணக்கோடு பொருந்தவில்லை. சில தோப்பில் அவர்கள் மரத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். "அதை நாம சொல்லவேணாம்" என்றது அம்மா. விட்டுவிட்டோம். நாற்பத்தியொரு பெயர் வந்தது. இரண்டு பேர் பின்னால் வந்து தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தோம். மூன்றாவது ஒருவர் எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தப் பட்டியலைக் கொடுத்தோம். மேசையில் இருந்தவர் "இதுல சர்வே நம்பர் எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப எந்த இடத்துல எழுதறது?" என்று ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் 'இதர' என்ற கட்டத்தில் எழுதி, மனு எண் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 'அ' பதிவேட்டு நகல் இன்னும் வரவில்லை. புதுத் துண்டறிக்கை எழுதி முடித்துவிட்டேன், அம்மாவிடம் வாசித்தும் காட்டினேன். பட்டியலில் தன் பெயரை முதலில் போட்டது பிடிக்கவில்லையாம். மரம் ஏறுகிறவர்கள் பெயர் முதலில் வரட்டும், முடைகிறவர்கள் அப்புறம் என்று வரிசையை மாற்றச் சொன்னது. அச்சகத்துக்கு நாளைக்குக் கொண்டுபோகிறேன்.